திருகோணமலையில் சைவச் சாப்பாடு, வீகன் சாப்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிறந்து வளர்ந்தது திருகோணமலையில். பிறந்ததிலிருந்து சைவம். ஆறு வருடமாகப் பால், தயிர், நெய்யும் தொடுவதில்லை, அதாவது வீகன். கனடாவிலிருந்து வரும் சொந்தக்காரர்கள், சென்னையிலிருந்து கோணேசர் கோவிலுக்கு வரும் நண்பர்கள், நிலாவெளிக்குக் கடல் குளிக்க வரும் கொழும்புப் பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

திருகோணமலை மீன் ஊர் ஆச்சே, சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், தாராளமாகக் கிடைக்கும். டவுனுக்கு மூன்று பக்கமும் கடல், மீனுக்குக் குறைவில்லை என்பது உண்மை. ஆனால் இது கோவில் ஊரும்தான். சுவாமி மலையில் கோணேசர், டவுன் நடுவில் பத்திரகாளி அம்மன். செவ்வாயும் வெள்ளியும் மச்சம் (மீன், இறைச்சி) சமைக்காத வீடுகள் எத்தனையோ. அந்த வீட்டு ஆட்கள் வேலைக்குப் போன இடத்தில் மத்தியானம் எங்கே சாப்பிடுவார்கள்? அவர்களை நம்பித்தான் டவுனில் சைவக்கடைகள் நடக்கின்றன. பஸ் நிலையத்தைச் சுற்றியும் கடைத்தெருப் பக்கமும் கொஞ்சம் நடந்தாலே கண்ணில் படும். வெள்ளிக்கிழமை என்றால் மத்தியானம் ஒரு மணிக்கு முன்பே போய்விடுங்கள். பிந்தினால் நல்ல கறிகள் முடிந்துவிடும்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கதை வேறு. அங்கே கடைகள் சுற்றுலாக்காரரைப் பார்த்து நடப்பவை, இறாலும் நண்டும்தான் முதல் பக்கத்தில் இருக்கும். அங்கேயும் சாப்பிடலாம், ஆனால் வாய் திறந்து பேச வேண்டும்.

கடையில் “சைவம்” என்று சொன்னால் போதாதா?

போதாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

சில வருடங்களுக்கு முன் அநுராதபுரத்திலிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் அம்மாவுடன் ஒரு கடையில் இறங்கினோம். வெள்ளிக்கிழமை. “சைவமா தம்பி?” என்று கேட்டேன். “ஓம், சைவம்தான்” என்று சொல்லிச் சோறும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். பாதிச் சாப்பாட்டில் அம்மாவின் பல்லில் ஏதோ மரத்தூள் போலக் கடிபட்டது. மாசி, காயவைத்த மீன். எழுபது வயது வரை மச்சம் தொடாத மனுசி. ஒன்றும் பேசாமல் எழுந்து கை கழுவினார். வீடு வந்து சேரும்வரை வாயே திறக்கவில்லை. அன்று அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், அவர் பொய் சொல்லவில்லை. தட்டில் மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை, அவருக்கு அது சைவம். மாசியை அவர் உப்பு, மிளகாய் மாதிரி ஒரு சேர்மானமாகத்தான் பார்க்கிறார்.

அதனால் இப்போது நான் எங்கே போனாலும் “சைவமா?” என்று கேட்பதில்லை. “மாசி போட்டதா? கருவாடு போட்டதா? முட்டை இருக்கா?” என்று பொருளின் பெயரைச் சொல்லித்தான் கேட்கிறேன். சைவம் என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு பொருள் உண்டு. மாசிக்கு ஒரே பொருள்தான். சைவக்கடை என்று பலகை போட்ட இடத்தில் இந்தக் கேள்வி தேவையில்லை, அங்கே சமையலறைக்குள் மச்சமே வராது. மற்ற எல்லா இடத்திலும் தேவை.

மாசி என்றால் என்ன? எதிலெல்லாம் போடுவார்கள்?

தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இதில்தான். சூரை மீனை அவித்து, புகையூட்டி, விறகுக்கட்டை போல இறுகும்வரை வெயிலில் காயவைப்பார்கள். அதுதான் மாசி. மாலைதீவிலிருந்து வந்த பழக்கம். இடித்துப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது, வாசமும் தேங்காயோடு கலந்துவிடும்.

தேங்காய்ச் சம்பல், கட்டைச் சம்பல், அப்பத்துடன் வைக்கும் வெங்காயச் சம்பல் மூன்றிலும் இருக்கலாம். சீனிச் சம்பலில் மாசி போடுவதுதான் வழக்கமான செய்முறை, ஆகவே போட்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேக்கரியில் சீனிச் சம்பல் வைத்த பணிஸ் வாங்கும்போதும் இதை மறக்க வேண்டாம், வெளியில் பார்த்தால் அது சாதுவாகத்தான் தெரியும். கீரைச் சுண்டல், பருப்பு, கத்தரிக்காய் மோஜு, சொதி எல்லாவற்றிலும் கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. இடியப்பத்துக்கு ஊற்றும் சொதியில் நெத்தலியோ கருவாடோ போட்டுக் கொதிக்கவைத்து, பிறகு எடுத்துவிடுகிற கடைகளும் இருக்கின்றன. மிதப்பது ஒன்றும் இல்லை என்று நம்பிவிடாதீர்கள்.

சிங்களக் கடையில் எப்படிக் கேட்பது?

நாலு சொல் போதும். மாசிக்கு “உம்பலகட”, கருவாட்டுக்கு “கரவல”, மீனுக்கு “மாளு”, இறைச்சிக்கு “மஸ்”. முட்டை “பித்தர”. “மம மஸ் மாளு கன்னே நே” என்றால் நான் இறைச்சி, மீன் சாப்பிடுவதில்லை. “உம்பலகட தான்ன எப்பா” என்றால் மாசி போட வேண்டாம். உச்சரிப்புப் பிழைத்தாலும் பரவாயில்லை, கடைக்காரர் சிரித்துக்கொண்டே புரிந்துகொள்வார். மரக்கறிக்கு “எளவளு”. ஆனால் அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் திரும்பவும் அம்மாவின் கதைதான். மரக்கறிக்குள்ளேயே மாசி இருக்கலாம்.

மத்தியானச் சோற்றுக்கடையில் கறிச்சட்டிகள் வரிசையாக வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் காட்டி “உம்பலகட?” என்று ஒரு சொல் கேட்டாலே வேலை முடிந்துவிடும்.

முஸ்லிம் கடைகளில் சைவம் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். தேங்காய் ரொட்டி, அப்பம், பருப்பு, பராட்டா எல்லாம் நன்றாகவே இருக்கும். ஹலால் பலகைக்கும் சைவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மரக்கறி பிரியாணி என்று தருவது சில வேளை கோழிப் பிரியாணிச் சட்டியிலிருந்து சோற்றை மட்டும் அள்ளி மரக்கறியோடு வைப்பதாக இருக்கும். “சோறு தனியாச் சமைச்சதா நானா?” என்று கேளுங்கள் (முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றுதான் கூப்பிடுவோம்). இரண்டாவது, நோன்பு மாதத்தில் அன்போடு கூப்பிட்டுக் கொடுக்கும் நோன்புக் கஞ்சி. அதில் இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். நான் சைவம் என்று சொன்னால் யாரும் மனம் நோகமாட்டார்கள், பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் கையில் தருவார்கள். எனக்குத் தந்திருக்கிறார்கள்.

மரக்கறிக் கொத்து பாதுகாப்பானதா?

கொத்து ரொட்டி போடும் சத்தம் கேட்டால் எனக்கும் கால் நிற்கும். ஆனால் மூன்று விஷயம் கேட்காமல் வாங்குவதில்லை. முட்டை: சொல்லாவிட்டால் கை பழக்கத்தில் உடைத்துப் போட்டுவிடுவார்கள். குழம்பு: மரக்கறிக் கொத்து என்றாலும் மேலே ஊற்றுவது கோழிக் குழம்பாக இருப்பது சாதாரணம், கூடுதலாக ஏமாறுவது இதில்தான். பருப்போ கிழங்குக் கறியோ ஊற்றச் சொல்லுங்கள். மூன்றாவது தட்டு: முந்தின ஆளுக்கு மாட்டிறைச்சி கொத்திய அதே இரும்புத் தட்டில்தான் உங்களுக்கும். “தட்டைக் கழுவிட்டுப் போடுங்க அண்ணை” என்றால் தண்ணீர் தெளித்துச் சுரண்டிவிட்டுப் போடுவார்கள். அது போதாது என்று நினைப்பவர்கள் சைவக்கடையில் கொத்து இருக்கிறதா என்று விசாரியுங்கள். சில கடைகளில் பின்னேரம் போடுவார்கள்.

ரொட்டி மாவிலும் சில கடைகள் முட்டை சேர்க்கும். வீகன் ஆட்கள் மாஜரினையும் கேட்க வேண்டும், சில மாஜரினில் பாலும் கலந்திருக்கும்.

வீகன் என்றால் இங்கே யாருக்காவது புரியுமா?

கடற்கரை ஹோட்டல்களில் புரியும், வெள்ளைக்காரர் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. டவுனில் அந்தச் சொல்லுக்குப் பலன் குறைவு. 1944இல் இங்கிலாந்தில் உண்டாக்கிய சொல் அது. தமிழில் நனிசைவம் என்று எழுதுகிறோம். ஆனால் கடையில் போய் நனிசைவம் என்றால் விழிப்பார்கள்.

இங்கே ஒரு வேடிக்கையான சிக்கல் இருக்கிறது. “பால் வேண்டாம்” என்று சொன்னால் தேங்காய்ப்பாலையும் சேர்த்து நிறுத்திவிடுவார்கள்! நம் ஊரில் கறிக்குப் பால் விடுவது என்றாலே தேங்காய்ப்பால்தானே. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு, தண்ணீரில் அவித்த கத்தரிக்காயைச் சாப்பிட்டேன். ஆகவே “மாட்டுப்பால், பால்மா, தயிர், நெய், பட்டர் வேண்டாம், தேங்காய்ப்பால் விடலாம்” என்று விரித்துச் சொல்லுங்கள். சிங்களத்தில் பசும்பால் “எளகிரி”, தேங்காய்ப்பால் “பொல்கிரி”.

சொல்லப்போனால் வீகன் ஆட்களுக்கு நம் ஊர்ச் சமையலைப் போல வசதியானது குறைவு. வட இந்தியக் குழம்புகளில் கிரீமும் பனீரும் நெய்யும் நிற்கும் இடத்தில் இங்கே தேங்காய் நிற்கிறது. நான் பாலை விட்டபோது வீட்டில் மாற்ற வேண்டியிருந்தது தேத்தண்ணியும் தயிரும் பாயாசமும்தான். கறிகள் எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருந்தன.

சைவக்கடையில் வீகன் ஆள் எதைச் சாப்பிடலாம்?

காலையில் இடியப்பம், சொதி, சம்பல். பிட்டு, கத்தரிக்காய் அல்லது வாழைக்காய்க் கறி. இட்லி. வெந்தயமும் மஞ்சளும் சேர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிய நம் ஊர்த் தோசை. இவை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடலாம், நல்லெண்ணெயிலா நெய்யிலா சுடுகிறார்கள் என்று தோசைக்கு மட்டும் கேளுங்கள். மசாலாத் தோசையில் பட்டர் தடவும் பழக்கம் இருக்கிறது. பாலப்பத்தில் இருப்பது தேங்காய்ப்பால். அப்பக்கடையில் அது வீகன் ஆளுக்குக் கிடைத்த வரம், ஓரம் முறுகலாக, நடுவில் பஞ்சு போல.

உழுந்து வடை, கடலை வடை, சுண்டல், மோதகம், எள்ளுருண்டை எல்லாம் சரி. மத்தியானச் சோற்றோடு வரும் மோர், தயிர், மோர் மிளகாய் மூன்றையும் ஒதுக்க வேண்டும். மோர் மிளகாயை மறந்துபோய் எடுப்பவர்கள் அதிகம், அதைத் தயிரில் ஊறப்போட்டுத்தான் காயவைக்கிறார்கள். பாயாசத்தைக் கேட்டுக் குடியுங்கள், சில இடத்தில் தேங்காய்ப்பால், சில இடத்தில் பால்மா. கேசரியும் லட்டும் நெய்யாக இருக்கக்கூடும். தொதல் நல்லது: அரிசி மா, தேங்காய்ப்பால், சர்க்கரை. வட்டிலப்பத்தில் தேங்காய்ப்பால் இருந்தாலும் அதை இறுகவைப்பது முட்டை, அதனால் சைவம் சாப்பிடுபவர்களுக்கும் அது ஆகாது.

தேத்தண்ணிக்கு என்ன செய்வது?

பிளேன்டீ கேளுங்கள். இஞ்சி தட்டிப் போடச் சொன்னால் இன்னும் நல்லது. பால் தேத்தண்ணி இங்கே பால்மாவிலோ டின்பாலிலோதான் போடுவார்கள், வீட்டுப் பசும்பால் என்று யாரும் ஏங்கத் தேவையில்லை.

கிண்ணியாத் தயிரை எப்படி விட மனம் வந்தது?

இதைக் கேட்காத ஆளே இல்லை. கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கத்து எருமைத் தயிர், மண்சட்டியில் உறைந்து, கவிழ்த்தாலும் விழாது. அதில் பாணி (பதநீர்ப் பாகு) விட்டு உண்ட நாக்கு என்னுடையது. முதல் ஒரு வருடம் கஷ்டமாகத்தான் இருந்தது. கன்றுக்குட்டியைக் கட்டிவைத்துவிட்டுப் பால் கறப்பதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வயது போகப் போக அந்தக் காட்சி என்னை விடவில்லை, அவ்வளவுதான். யாரையும் விடச் சொல்ல நான் வரவில்லை.

சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் சட்டித் தயிரைத் தைரியமாக வாங்கலாம், பாலும் உறைமோரும்தான். ஆனால் கடையில் பிளாஸ்டிக் கப்பில் வரும் யோகட்டின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். இறுகுவதற்கு ஜெலற்றின் சேர்த்தவை பல உண்டு. ஜெலற்றின் என்பது மாடு போன்ற விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. விரதம் முடித்து யோகட் சாப்பிடுபவர்களில் எத்தனை பேர் இதைப் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கவலை. பலூடாவில் போடும் ஜெலிக்கும் இதே கேள்வி: கடற்பாசியில் செய்ததா, ஜெலற்றினா?

இன்னொன்று. ஹோட்டல் மெனுக்களில் “கேர்ட் அன்ட் ஹனி” என்று இருக்கும். அது தேன் இல்லை, கித்துள் பாணி. கித்துள் மரத்தில் வடித்த பதநீரைக் காய்ச்சி எடுப்பது. தேன் தவிர்க்கும் வீகன் ஆட்கள் பாணியைப் பழத்தோடு கேட்டுச் சாப்பிடலாம்.

இந்தியாவிலிருந்து வரும் பொதிகளில் பச்சைப் புள்ளி இருந்தால் வீகனா?

இல்லை. சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி என்றால் மச்சமும் முட்டையும் இல்லை என்றுதான் பொருள். பால் இருக்கலாம்.

அஜினமோட்டோ, சோயாமீற்?

அஜினமோட்டோ செடிப் பொருள்களை நொதிக்கவைத்துச் செய்வது, சைவம்தான். ஆனால் பிரைட் ரைஸ் போடும் கடையில் அதன் பக்கத்தில் கோழிச் சுவைக் கட்டியும் சிப்பி சோஸும் இருக்கும். அவை இரண்டும் ஆகாது. முட்டையையும் சேர்த்து மூன்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். சோயாமீற் சோயா மாவில் செய்வது. பெயரைக் கேட்டுப் பயந்த சென்னை நண்பர் ஒருவர் இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பைக்கட் கணக்கில் வாங்கிப் போகிறார். பைக்கட்டோடு வரும் மசாலாத்தூளின் சுவை என்ன என்று மட்டும் வாசியுங்கள், கோழி, இறால் என்று பல சுவையில் வருகிறது.

ஒரே எண்ணெயில் மீன் கட்லட்டும் வடையும் பொரித்தால்?

அது அவரவர் மனம். நான் சாப்பிடுவதில்லை. மச்சக் கடையில் உட்கார்ந்தவுடன் ரோல்ஸ், கட்லட், வடை எல்லாம் கலந்த பலகாரத் தட்டைக் கொண்டுவந்து வைப்பார்கள், எடுத்ததற்கு மட்டும் காசு. ரோல்ஸ் மீனா மரக்கறியா என்று வெளியில் தெரியாது. முக்கோண ரொட்டியும் அப்படித்தான். கேட்காமல் கை வைக்காதீர்கள்.

நிலாவெளி ஹோட்டலில் தங்குகிறோம், இரவுச் சாப்பாடு?

காலையிலேயே சொல்லிவிடுங்கள். சோறு கறி என்பது இங்கே மத்தியானச் சாப்பாடு, இரவில் திடீரென்று கேட்டால் மரக்கறிப் பிரைட் ரைஸ்தான் வரும். மூன்று நாள் தொடர்ந்து அதைச் சாப்பிட்டு அலுத்துப்போய் என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. சின்ன விருந்தினர் விடுதி என்றால் இன்னும் நல்லது, சமைக்கும் அக்காவிடம் நேரே பேசலாம். “அக்கா, இரவைக்குப் பிட்டும் மரக்கறியும், மாசி இல்லாத சம்பலும் செய்து தருவீங்களா?” என்று மத்தியானத்துக்கு முன் கேட்டால், பலாக்காய்க் கறி, பயற்றங்காய், முருங்கையிலைச் சுண்டல் என்று மெனுவில் இல்லாத சாப்பாடு வரும். திருகோணமலையில் நான் வெளியே சாப்பிட்ட நல்ல சாப்பாடுகளில் பாதி இப்படிச் சொல்லிச் செய்வித்தவைதான். மே முதல் செப்டம்பர் வரை சீசனில் சமையலறைக்கு நெருக்கடி இருக்கும், அப்போது முதல் நாளே சொல்வது நல்லது.

விரத நாளில் வெங்காயம், பூண்டு இல்லாமல் கிடைக்குமா?

சைவக்கடையில் அதுவாகக் கிடைக்காது, சம்பலிலும் சாம்பாரிலும் வெங்காயம் இருக்கும். கந்தசஷ்டி போன்ற நாள்களில் வெறும் இட்லியும் பழமும் இளநீரும் பார்த்துக்கொள்ளலாம். திருவிழாக் காலமென்றால் கோவில் அன்னதானத்தில் உட்காருங்கள், வெளியூர் ஆள் என்று யாரும் பார்ப்பதில்லை.

இவ்வளவும் கேட்டால் கடைக்காரர் எரிச்சல் படமாட்டாரா? எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. ஆட்கள் நிறைந்த நேரத்தில் கல்லாவில் நின்று விசாரித்தால் எரிச்சல் வரும்தான். பரிமாறுபவரிடம், தட்டு வைக்கும் முன், மெதுவாகக் கேளுங்கள். வயதுக்கேற்றபடி தம்பி, அண்ணை, நானா, சிங்களக் கடையில் மல்லி (தம்பி), ஐயா (அண்ணை) என்று கூப்பிட்டுக் கேட்டால் பாதி வேலை முடிந்தது. காரணத்தையும் ஒரு சொல்லில் சொல்லுங்கள். “நாங்கள் மச்சம் தொடுறதில்லை” என்று சொன்னபின் “இந்தச் சம்பல் வேண்டாம், அதில மாசி” என்று அவர்களாகவே சட்டியை நகர்த்தி வைத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பிழையாகத் தந்துவிட்டால் சத்தம் போடாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வீகன் ஆட்களுக்குச் சத்துக் குறையாதா?

பருப்பு, பயறு, கடலை, கீரை தினமும் இருந்தால் பெரும்பாலும் சரி. பி12 மட்டும் செடி உணவில் நம்பும்படி கிடைக்காது, டொக்டரிடம் கேட்டு மாத்திரை எடுக்க வேண்டும். நான் எடுக்கிறேன்.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குத் திரும்புகிறோம், வழியில் என்ன சாப்பிடுவது?

வழியை நம்ப வேண்டாம். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை என்று போகும் வழியில் பஸ் நிற்கும் கடை எது என்று சாரதிதான் தீர்மானிப்பார், அரைத் தூக்கத்தில் இறங்கி மாசியைப் பற்றி விசாரிக்க யாருக்கும் தெம்பு இருக்காது. டவுன் சைவக்கடையிலேயே பார்சல் கட்டிக்கொண்டு ஏறுங்கள். தேங்காய்ச் சட்னி, சம்பல், சொதி எதுவும் வேண்டாம், நம் ஊர் வெக்கைக்கு நாலைந்து மணித்தியாலத்தில் புளித்துவிடும். இட்லிக்கு நல்லெண்ணெய் குழைத்த பொடி, அல்லது புளிச்சாதம், இரண்டு உழுந்து வடை, ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம். பார்சல் கட்டும்போது பொடியைத் தனியாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் எண்ணெய் ஊறிப் பை முழுக்க வழியும்.